5 வருஷ அலாரம் சேர்விஸ் ஒப்பந்தம்: கையெழுத்து வைக்க முன்னம் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ

மத்தியவீதிக் கடைக்காரன் · திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை ரவுணுக்குள்ள சின்ன நகைக்கடை, அப்பா காலத்துக் கடை. போன வருஷம் பழைய அலாரத்தைக் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்டினம். ஒரு பனல், எட்டு சோன் (தனித்தனியாக் கண்காணிக்கிற பகுதி), நாலு அசைவு சென்சர், ஷட்டருக்கும் பின்கதவுக்கும் காந்தக் கொண்டாக்ட், வெளியில ஒரு சைரன், போனுக்கு அடிக்கிற சிம் பெட்டி. வாரண்டி வாற மாசத்தோட முடியுது. பூட்டின கொழும்புக் கொம்பனி இப்ப 5 வருஷச் சேர்விஸ் ஒப்பந்தம் ஒண்டு அனுப்பியிருக்கு. பதினொரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். மகள் ஏ.எல். படிக்கிறாள், அவளை வைச்சு வாசிச்சன். விளங்கினது இவ்வளவுதான்:

முதல் வருஷம் 48,000 ரூபா. ஒவ்வொரு வருஷமும் 10 வீதம் கூடும். வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்து பாப்பினம். பழுதெண்டா "நியாயமான நேரத்துக்குள்ள" வருவினம். பட்டரி, சிம், இடி மின்னலில போற சாமான், "சுற்றாடல் காரணங்களால்" போறது ஒண்டும் சேராது. இடையில நிப்பாட்டினா மிச்ச வருஷக் காசு முழுக்கக் கட்டவேணும். முடியிறதுக்கு 90 நாளுக்கு முன்னம் எழுத்தில சொல்லாட்டி இன்னொரு 5 வருஷம் தானா நீளும். வழக்கெண்டா கொழும்பில.

"ஐயா, இது எல்லாருக்கும் குடுக்கிற பேப்பர், ஒண்டும் மாத்த ஏலாது" எண்டு போனில சொன்னான். எனக்கு அவங்களோட சண்டை இல்லை. பூட்டின பெடியன் நல்ல பெடியன், வேலை சுத்தம். ஆனாலும் கை வரமாட்டன் எண்டுது. என்ன மாத்தச் சொல்லிக் கேக்கலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லவேணும்.

கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 10.15

அந்த 10 வீதத்தை முதல்ல பாப்பம். 48,000 இல தொடங்கினா அஞ்சாம் வருஷம் 70,277. அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து 293,045. ரெண்டு வருஷம் முடிய நிப்பாட்டுறீங்கள் எண்டு வையுங்கோ, மிச்ச மூண்டு வருஷத்துக்கு 192,245 ரூபா கேக்கும் அந்தப் பேப்பர். ஒருதரும் வராத, ஒண்டும் திருத்தாத மூண்டு வருஷத்துக்கு.

வற் வரி இதுக்குள்ளயா, வெளியிலயா? அதையும் கேளுங்கோ. 2022 மே வரைக்கும் 8 வீதம். ஜூனில 12, செப்டம்பரில 15, 2024 ஜனவரியில 18. 2021 இல 5 வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சவன் ஒரே ஒப்பந்தத்துக்குள்ள நாலு விதமாக் கட்டியிருப்பான். வரி கூடினா நீங்கள் கட்டுறதுதான் முறை, அது கொம்பனிக்குப் போற காசில்லை. ஆனா பில்லில வரிக்கு எண்டு தனியா ஒரு நிரை இருக்கவேணும். சேர்விஸ் காசோட குழைச்சு அடிக்கக் கூடாது.

சேர்விஸ் காசை விலைவாசியோட இணைச்சுவிடுங்கோ எண்டு ஆராவது வந்து சொல்லுவினம், அதுக்கு முன்னமே சொல்லிவிடுறன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டம்பரில வருஷத்துக்கு 69.8 வீதம் ஏறினது. மேல்மட்டம் போடாமல் அதோட இணைச்சிருந்தா கடையை அவங்களுக்கே எழுதியிருப்பீங்கள். அதே சுட்டெண் 2024 செப்டம்பரில பூச்சியத்துக்குக் கீழ போனது. அப்ப எந்தக் கொம்பனி சேர்விஸ் காசைக் குறைச்சது? அதால சுட்டெண் எவ்வளவோ அவ்வளவு, எந்த வருஷமும் 5 வீதத்துக்கு மேல இல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ. ஒவ்வொரு வருஷமும் முழு 5 ஏறினாலும் மொத்தம் 265,230 தான்.

வயர்க்காரன் · திங்கள், இரவு 11.02

அண்ணை, நான் இந்த வேலைதான் செய்யிறன். ஆறு வருஷம் டோஹாவில, பிறகு இஞ்ச பாலையூற்றில இருந்து. காசுக் கணக்கு இருக்கட்டும், சேராது எண்டு போட்டிருக்கிற பட்டியலை ஒருக்காத் திருப்பி வாசியுங்கோ. பட்டரி, சிம், மின்னல், சுற்றாடல்.

திருகோணமலையில அலாரம் பழுதாப்போறதே இந்த நாலாலதான். இந்த நாலும் போனா மிச்சம் என்ன? வருஷத்துக்கு ரெண்டு தரம் கீபேட்டில நாலு நம்பர் அமத்திப்போட்டு, உங்களிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போறது. பத்து நிமிஷ வேலை.

பட்டரி: பனலுக்குள்ள இருக்கிறது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈயப் பட்டரி. மூண்டு தொடக்கம் அஞ்சு வருஷம் எண்டு சொல்லுவினம், அது குளிரான அறைக் கணக்கு. சூடு 10 பாகை கூடினா ஆயுள் கிட்டத்தட்டப் பாதி. உங்கட பனல் எங்க இருக்கு? அநேகமாத் தகரத்துக்குக் கீழ, சீலிங்கோட ஒட்டி இருக்கும். ரெண்டரை வருஷம் தாண்டாது. அலாரத்துக்கான ஐரோப்பிய ஈ.என். 50131 நியமத்தில 2ஆம் தரப் பொருத்தல் கரண்ட் இல்லாமல் 12 மணித்தியாலம் நிக்கவேணும். பட்டரி செத்திருந்தா அரை மணித்தியாலமும் நிக்காது. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள் ஞாபகமிருக்கா? தவணை தவணையாத்தான் வெட்டினது, ஆனா இடையில பட்டரி முழுசாச் சார்ஜ் ஏற நேரமில்லை. அந்த மாசம் நான் மாத்தின பட்டரிக்குக் கணக்கில்லை. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கப் போனதே, அண்டைக்குப் பின்னேரமும் போனுக்கு மேல போன்.

சிம்: ஆற்றை பேரில எடுத்தது? ரீலோட் போடாமல் விட்டா நம்பரே செத்துப்போகும். கள்ளன் வந்தா சைரன் மட்டும் தனிய நிண்டு கத்தும்.

மின்னல்: ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில இஞ்ச என்ன நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்னலுக்குக் கொம்பனி பொறுப்பில்லை, அது சரிதான். ஆனா எர்த் ஒழுங்கா அடிச்சு, திடீரெண்டு பாயிற மின்னைத் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டர் போட்டதா எண்டு கேளுங்கோ. போட்டிருந்தா பாதி சேதம் வராது. போடாமல் விட்டது அவங்கட பிழை.

சுற்றாடல் எண்டா உப்புக்காத்து. கறள். ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற ரவுண் இது. கடலைப் பாத்துக்கொண்டுதானே விலை குடுத்தவங்கள்? இப்ப கடலைக் காட்டித் தப்பேலாது. சைரன் பெட்டி ஆணியைப் போய்ப் பாருங்கோ, ஒரு வருஷத்திலேயே மண்ணிறமா வழிஞ்சிருக்கும்.

இன்னொண்டு இருக்கு. பல்லி. அசைவு சென்சருக்கு முன்னால சிலந்தி வலை கட்டினாலும், பல்லி லென்ஸுக்கு மேல ஏறிப் படுத்தாலும் இரவு 2 மணிக்கு அடிக்கும். பொய் அலாரத்தில பெரும்பங்கு இதுதான். அதுக்கு ஒரு துணி போதும். ஆனா ஒப்பந்தத்தில பொய் அலாரத்துக்கு வந்தா எவ்வளவு எண்டு ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கோ.

மத்தியவீதிக் கடைக்காரன் · செவ்வாய், காலை 6.20

ஏணி வைச்சு ஏறிப் பாத்தன் தம்பி. ஆணி மண்ணிறம் இல்லை, ஒரு ஆணியே இல்லை. 😐 பொய் அலாரத்துக்கு 6,500 எண்டு ஒன்பதாம் பக்கத்தில நிக்குது.

கிண்ணியா நானா · செவ்வாய், காலை 8.05

நம்மட கதையையும் கேளுங்க. எனக்குப் படகு எஞ்சின் சாமான் கடை. 2019 இல ஒரு கொம்பனி பூட்டித் தந்தது, மூணு வருஷ ஒப்பந்தம். பேர் வேணாம். 2022 இல டொலர் 200 இல இருந்து 360 க்குப் போனதோட அந்தக் கொம்பனியக் காணல்ல. போன் எடுத்தா ஓஃப். சரி, வேற ஆளப் புடிப்பம் எண்டு ஒரு பொடியனக் கூட்டிட்டு வந்தன். அவன் பனலத் திறந்து பாத்துட்டு, "நானா, இதுக்கு இன்ஸ்டோலர் கோட் இருந்தாத்தான் உள்ள போகலாம், அது அவங்கட்ட இரிக்கு" எண்டான். நாம காசு குடுத்து வாங்கின பெட்டி, நம்மட சுவர், நம்மட கரண்ட். சாவி மட்டும் ஓடிப்போன மனுசன்ட கையில.

கடைசியா முழுப் பனலயும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு போட்டன். சென்சரெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு.

அது போக, ஒவ்வொரு தரம் வாறத்துக்கும் "கிண்ணியா பிரயாணச் செலவு" எண்டு தனியா எடுத்தானுகள். பாலம் திறந்தது 2009. இன்னும் மிதவைப் பாதையில ஏறி வாறமாதிரிக் கணக்கு.

மத்தியவீதி அண்ணன், விலை ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தக் கோட் யாருட்ட இரிக்கு எண்டு முதல்ல கேளுங்க.

முன்னாள் சேல்ஸ் · செவ்வாய், காலை 10.30

நான் இப்படி ஒரு கொம்பனியில நாலு வருஷம் விற்பனையில இருந்தவன், இப்ப வேற துறை. எல்லாரும் ஒரு பக்கமா அடிக்கிறீங்கள், மற்றப் பக்கத்தையும் சொல்லவேணுமல்லோ.

கொழும்பில இருந்து திருகோணமலைக்கு 260 கிலோமீற்றர் அளவு. ஒரு வான், ரெண்டு பெடியள், ஹபரணையில சாப்பாடு, இரவு தங்கல். உங்கட ஒரு கடைக்காக மட்டும் வந்து போனா வருஷக் காசில பெரிய துண்டு அதிலேயே போயிடும். அதனாலதான் "நியாயமான நேரம்" எண்டு எழுதுறது. இந்தப் பக்கம் அஞ்சாறு வேலை சேரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பாங்கள். உங்களுக்கு அதைச் சொல்லமாட்டாங்கள்.

5 வருஷம் ஏன் எண்டா, கையெழுத்தான ஒப்பந்தங்களைக் காட்டித்தான் வங்கியில கடன் எடுக்கிறது. ஆள் எடுக்கிறதும் உதிரிப்பாகம் ஓடர் பண்ணுறதும் அதை வைச்சுத்தான். வருஷா வருஷம் வாடிக்கையாளர் ஓடினா டெக்னீசியனை வைச்சிருக்கேலாது. நீளமான ஒப்பந்தம் கெட்டது இல்லை. நீளத்துக்கு உங்களுக்கு என்ன தாறாங்கள் எண்டதுதான் கேள்வி. 5 வருஷம் எண்டா ஒரு தரம் பட்டரி இலவசம், விலைக்கு மேல்மட்டம், ரெண்டில ஒண்டாவது கிடைக்கவேணும். ஒண்டும் இல்லாட்டி நீங்கள்தான் அவங்களுக்குக் கடன் குடுக்கிறீங்கள்.

"மாத்த ஏலாது" எண்டது நம்பாதேங்கோ. நாங்களும் அப்பிடித்தான் சொன்னனாங்கள். சேல்ஸ் பெடியனுக்கு மாத்த அதிகாரம் இல்லை, மனேஜருக்கு இருக்கு. மின்னஞ்சலில கேளுங்கோ.

வயர்க்காரன் · செவ்வாய், பகல் 12.50

நானா சொன்ன கோட் விசயத்தில நான் கொஞ்சம் மற்றப் பக்கம். கோட்டை வாடிக்கையாளரிட்டக் குடுத்தா, மச்சானோ மருமகனோ உள்ள போய் சோனை மாத்திவிடுவான், பிறகு அடிக்கேல்லை எண்டு எங்களைக் கூப்பிடுவினம். ஒரு கடையில மருமகன் பெடியன் முன் ஷட்டர் சோனையே ஓஃப் பண்ணி வைச்சிருந்தான், காலமை கடை திறக்கேக்க கரைச்சலா இருக்காம். அதில ஏதும் களவு போயிருந்தா ஆர் பதில் சொல்லுறது?

கிண்ணியா நானா · செவ்வாய், பகல் 1.15

அதுக்காக எண்ட கடைச் சாவி ஊரானிட்ட இரிக்கணுமா தம்பி?

கறுப்புக்கோட்டு · செவ்வாய், இரவு 8.45

நான் சட்டத்தரணி, இங்க நீதிமன்றத்தில்தான் தொழில். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் பேப்பரைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையில்லை.

கோட் சண்டைக்கு ஒரு வழி இருக்கிறது. இன்ஸ்டோலர் கோட்டை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் கையெழுத்தும் திகதியும் வைத்து, கடை இரும்புப்பெட்டியில் வையுங்கள். ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிந்தாலும், அல்லது அறிவித்து 7 நாளாகியும் கொம்பனி வராவிட்டாலும், உறையைத் திறக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன் திறந்தால், திறந்த நாளிலிருந்து நிரல்மாற்றங்களுக்குப் பொறுப்பு உங்களுடையது. ஒவ்வொரு சேர்விஸிலும் உறை உடையாமல் இருக்கிறதா என்று இருவரும் பார்த்துப் பதிய வேண்டும். கோட்டை அவர்கள் மாற்றினால் உறையும் மாறவேண்டும். வயர்க்காரன் தம்பியின் பயத்துக்கும் நானாவின் கோபத்துக்கும் இதில் இடமுண்டு.

அடுத்தது கொழும்பு நீதிமன்றம். ஐம்பதாயிரம் ரூபாப் பிரச்சினைக்கு இரவு ரெயின் ஏறி யாரும் போகப்போவதில்லை, அதை எழுதினவருக்கும் தெரியும். அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். வெட்டினால் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் பொது விதி வரும். எதிராளி வசிக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்துகொண்ட இடம், இதில் எங்கும் தொடுக்கலாம். ஆகவே கடைசிப் பக்கத்தில் "திருகோணமலையில் கைச்சாத்திடப்பட்டது" என்று ஒரு வரி இருக்கட்டும். சின்ன வரிதான், ஆனால் பெறுமதியானது.

பொறுப்பு விலக்கு: "களவு போனால் நாங்கள் பொறுப்பில்லை" என்று நிச்சயம் இருக்கும். அலாரம்காரன் காப்புறுதிக் கொம்பனி இல்லை. உங்கள் கடையில் எத்தனை பவுண் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஓரளவு வரம்பு நியாயம். ஆனால் அவன் ஆளே சேர்விஸுக்கு வந்து சைரன் வயரைக் கழட்டி மறந்துபோய்விட்டால்? அதையும் சேர்த்து விலக்கிக்கொள்ளும் வாசகங்களுக்குத்தான் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. விலக்கு வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். மிச்ச வருஷக் காசு முழுக்கக் கட்டு என்பதும் அப்படித்தான், அது நட்டத்தின் உண்மையான மதிப்பீடா அல்லது வெருட்டுவதற்கான தண்டமா என்ற கேள்வி வரும். ஆனால் நீதிமன்றத்தில் வெல்லலாம் என்று நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். வைக்கமுன் மாற்றுவது மலிவு.

தமிழ்ப் பிரதி கேளுங்கள், தருவார்கள். ஆனால் "முரண்பாடு ஏற்படின் ஆங்கிலப் பிரதியே மேலோங்கும்" என்றொரு வரியோடு தருவார்கள். அதனால் மாற்றங்கள் எல்லாம் ஆங்கிலப் பிரதியில்தான் நடக்கவேண்டும். தமிழ்ப் பிரதி உங்கள் மகளின் நித்திரைக்கு மட்டும் உதவும்.

டொக்யார்ட் வீதி விடுதி · செவ்வாய், இரவு 9.30

பல்லி எண்டீங்கள், எங்களுக்கு மான். 😀 ஏழு அறை விடுதி, முத்தத்தில வெளிச்சக்கதிர் சென்சர் ரெண்டு. கோட்டைப் பக்கத்து மான் ரவுண் முழுக்கத் திரியிறது தெரியும்தானே, இரவு ஒரு மணிக்கு முத்தத்தில வாழைத்தோல் தின்ன வரும். வெள்ளைக்காரர் எல்லாம் வெளியில ஓடிவந்து நிண்டு போட்டோ எடுப்பினம். கொம்பனி ஒவ்வொரு தரத்துக்கும் பில் போட்டது. எட்டாம் தரம் நான் சொன்னன், மான் இருக்கிற ஊரில முழங்கால் உயரத்துக்குக் கதிர் சென்சரைப் பூட்டினது ஆர்? அதுக்குப் பிறகுதான் இன்னொரு கதிர் சென்சரை மேல பூட்டி, ரெண்டு கதிரும் ஒண்டா மறைஞ்சா மட்டும் அடிக்கிறமாதிரி மாத்தித் தந்தாங்கள். காசு திருப்பித் தரேல்லை.

பொய் அலாரம் எண்டு காசு எடுக்கிறதெண்டா, அது ஆற்றை பிழையால வந்தது எண்டு பனலில இருக்கிற பதிவைப் பாத்து எழுதவேணும். கடைக்காரன் பூட்டாமல் விட்ட யன்னல் எண்டா கடைக்காரன் கட்டட்டும். சென்சர் வைச்ச இடம் பிழையெண்டா அவங்கள்.

கணக்குப்பிள்ளை · புதன், காலை 7.10

நிப்பாட்டுற காசுக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். கொம்பனி ஏதும் சாமான் இலவசமாத் தந்திருந்தா அதின்ர விலையை ஒப்பந்தத்தில எழுதச் சொல்லுங்கோ. உதாரணத்துக்கு 150,000 எண்டு வைப்பம், 60 மாசத்தால பிரிச்சா மாசம் 2,500. 24 மாசத்தில விட்டா மிச்ச 36 மாசத்துக்கு 90,000 குடுக்கிறது நியாயம், அது அவன்ர முதல். அண்ணை நீங்கள் பனலைக் காசு குடுத்து வாங்கினதெண்டா அந்தப் பேச்சே இல்லை. மூண்டு மாச அறிவித்தலும் மூண்டு மாசக் காசும் போதும்.

தாமதத்துக்குக் கழிவு கேக்கிறதெண்டா அதிலயும் கவனம். "வராத நாளுக்குச் சேர்விஸ் காசு கழிக்கப்படும்" எண்டு அழகா எழுதித் தருவினம். 48,000 ஐ 365 ஆல பிரிச்சுப் பாருங்கோ, 131 ரூபா 50 சதம். ஒரு பிளேன்ரீயும் வடையும். தாமதிச்ச ஒவ்வொரு நாளுக்கும் அஞ்சு நாள் காசு கேளுங்கோ, மாசத்துக்கு ஒரு மாசக் காசுக்கு மேல போகாமல். அவங்களுக்கும் அது தாங்கும்.

கோயில் கணக்கு · புதன், பிற்பகல் 3.40

நான் ஒரு கோயிலின் பொருளாளர். எங்கள் நகைப் பெட்டக அறைக்கும் அலாரம் உண்டு, ஒப்பந்தமும் உண்டு. கையெழுத்து வைத்தவர் பழைய தலைவர். இதை வாசித்த பிறகுதான் அலுமாரியில் இருந்து எடுத்துப் பார்த்தேன். தானாக நீளும் பிரிவு எங்களுக்கும் இருக்கிறது, போன மாசம்தான் நீண்டிருக்கிறது. சபை மாறுகிற இடங்களில் 90 நாள் அறிவித்தல் யாருக்கு ஞாபகம் வரும்? புதுப்பிப்பதென்றால் ஒரு வருஷத்துக்கு மட்டும், அதற்கும் முதலில் கொம்பனி எழுத்தில் ஞாபகப்படுத்த வேண்டும் என்று போட்டிருக்கலாம்.

இன்னொன்று. காப்புறுதிப் பத்திரத்தில் "அலாரம் இயங்கு நிலையில் பராமரிக்கப்பட வேண்டும்" என்றொரு நிபந்தனை எங்களுக்கு இருக்கிறது. சேர்விஸ்காரன் வராமல் விட்டு, அந்த நேரம் களவு போனால், காப்புறுதிக்காரன் கைவிரிப்பான். ஆகவே நாங்கள் அறிவித்த திகதி, நேரம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்னேன் என்பது நிற்காது.

வயர்க்காரன் · புதன், மாலை 5.15

ஐயா சொன்னது சரி. வாட்ஸ்அப்பில அறிவிச்சாலும் அறிவிச்சதுதான் எண்டு ஒப்பந்தத்திலயே ஒரு வரி போடுங்கோ. இல்லாட்டிப் பதிவுத்தபால் கேப்பாங்கள்.

சேர்விஸ் எண்டா என்ன செய்யவேணும் எண்டும் எழுதவேணும், "பரிசோதித்தல்" எண்டு ஒரு சொல்லில விடாமல். நான் செய்யிறதைச் சொல்லுறன்: மெயின் கரண்டை நிப்பாட்டி அரை மணித்தியாலம் பட்டரியில ஓடவிட்டு வோல்டேஜ் எழுதுறது. ஒவ்வொரு சென்சருக்கு முன்னாலயும் நடந்து பாக்கிறது, ஒண்டும் தப்பாமல். ஷட்டர் காந்தத்தைக் கழட்டிக் கறள் துடைக்கிறது. சைரன் மூடியைத் திறந்து எறும்புக்கூடு பாக்கிறது, சிரிக்காதேங்கோ. சிம்மில இருந்து மூண்டு நம்பருக்கும் உண்மையா அழைப்புப் போகுதா எண்டு கடைக்காரருக்கு முன்னால காட்டுறது. லென்ஸ் துடைக்கிறது. ஒழுங்காச் செய்தா ஒண்டரை மணித்தியாலம். ரெண்டாவது தரம் ஒக்டோபருக்கு முன்னம் வரவேணும், மாரி தொடங்கினாப் பிறகு வந்து பிரயோசனமில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரவிப் புயல் இந்தப் பக்கம் கரை தொட்டதுக்கு அடுத்த கிழமை முழுக்க நான் தண்ணி போன சந்திப்பெட்டியள்தான் திறந்துகொண்டு திரிஞ்சன்.

சிம் பெட்டி பற்றியும் ஒண்டு. நெட்வேர்க்காரன் பழைய தொழில்நுட்பத்தை நிப்பாட்டினா பெட்டி மாத்திற செலவு ஆற்றை? அமெரிக்காவில 2022 இல 3ஜியை மூடேக்க அலாரக்காரருக்குப் பெரிய தலையிடியாப் போனது. 5 வருஷம் எண்டா இஞ்சயும் அது நடக்க இடமிருக்கு. சாமான் விலை நீங்கள், பூட்டுக்கூலி அவங்கள், இதுதான் என்ர நியாயம்.

முன்னாள் சேல்ஸ் · புதன், இரவு 8.20

கடைக்காரர் அண்ணைக்கு ஒரு யோசனை. உங்கட வீதியில அதே கொம்பனி பூட்டின கடை வேற இருக்கா? நாலஞ்சு கடை சேர்ந்து கேட்டா திருகோணமலையிலேயே ஒரு ஆளை வைக்க அவங்களுக்கும் கட்டும். அப்ப 48 மணித்தியாலத்துக்குள்ள வருவம் எண்டு எழுதித் தரப் பயப்பிடமாட்டாங்கள். தனி ஒரு கடைக்கு 24 மணித்தியாலம் கேட்டு எழுதி வாங்கினாலும் வரப்போறது இல்லை, பேப்பரில கிடக்கும்.

கறுப்புக்கோட்டு · புதன், இரவு 10.05

பழுதென்றால் எவ்வளவு நேரத்துக்குள் வரவேண்டும் என்ற பிரிவுக்கு ஒரு வாசகம் எழுதிப் பார்த்தேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள்:

"பழுது பற்றித் தொலைபேசி, குறுஞ்செய்தி அல்லது வாட்ஸ்அப் மூலம் அறிவிக்கப்பட்ட நேரத்திலிருந்து 4 மணித்தியாலத்துக்குள் சேவை வழங்குநர் பதிலளித்தலும், 48 மணித்தியாலத்துக்குள் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வளாகத்துக்கு வருகைதருதலும் வேண்டும். வருகையிலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் பழுது நீக்கப்படாவிடின், மேலதிகக் கட்டணமின்றி மாற்றுக் கருவி பொருத்தி முறைமையை இயங்கச் செய்தல் வேண்டும்."

வருவதும் திருத்துவதும் வேறு வேறு என்று கவனியுங்கள். வந்து பார்த்துவிட்டு "பார்ட் கொழும்பில" என்று சொல்லிப் போனாலும் பழைய வாசகத்தின்படி சேவை வழங்கியதாகிவிடும்.

மத்தியவீதிக் கடைக்காரன் · வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. மனேஜருக்கு மின்னஞ்சல் போட்டன், மகள்தான் இங்கிலீஷில எழுதினவள். பக்கத்துப் புடவைக்கடையும் மருந்துக்கடையும் அதே கொம்பனிதான், மூண்டு பேரும் சேர்ந்து போட்டம். அடுத்த நாளே போன் வந்தது, "மாத்த ஏலாது" எண்ட பேச்சே இல்லை.

5 வருஷம் இல்லை, 3 வருஷம். 5 எண்டா பட்டரி ரெண்டு தரம் இலவசம் எண்டாங்கள், வேண்டாம் எண்டிட்டன். விலை சுட்டெண்ணோட, மேல்மட்டம் 7 வீதம். 5 க்கு இறங்கேல்லை, நானும் இழுக்கேல்லை. பட்டரி ஒரு தரம் அவங்கட செலவு. கறள், எறும்பு, பல்லி சேரும். மின்னலுக்குக் கூலி இல்லை, சாமான் காசு நான், ஆனா சேர்ஜ் புரொடெக்டர் அவங்கள் போட்டுத் தரவேணும். பொய் அலாரத்துக்குப் பதிவைப் பாத்துத்தான் பில். நீளுறது ஒரு வருஷம் ஒரு வருஷமா, அவங்கள் ஞாபகப்படுத்தினாப் பிறகு. நிப்பாட்ட மூண்டு மாசம். கொழும்பு நீதிமன்றம் வெட்டியாச்சு. 48 மணித்தியாலம் கறுப்புக்கோட்டு அக்காவின்ர வாசகத்தை இங்கிலீஷில போட்டிருக்கினம், ஞாயிறும் போயாவும் கணக்கில சேராதாம். தாமதக் கழிவு தரவே மாட்டன் எண்டிட்டாங்கள். அதில நான் தோத்தன். அதுக்குப் பதிலா வருஷத்தில மூண்டு தரம் பிந்தினா உடன நிப்பாட்டலாம் எண்டு எழுதித் தந்தாங்கள்.

உறை விசயத்தில மனேஜர் கொஞ்சம் யோசிச்சார். "இப்பிடி ஒருதரும் கேட்டதில்லை" எண்டார். பிறகு ஓம் எண்டிட்டார். நாளைக்குப் பெடியன் வாறான்.

கிண்ணியா நானா · வெள்ளி, இரவு 9.25

மாஷா அல்லாஹ். கழிவு போனாப் போகட்டும், சாவி உங்கட பெட்டிக்குள்ள வந்திட்டுதானே.

மத்தியவீதிக் கடைக்காரன் · சனி, பிற்பகல் 2.50

பெடியன் வந்தான். உறையெல்லாம் எடுத்து வைச்சுக்கொண்டு, கோட்டை எழுத முன்னம் கீபேட்டில அடிச்சுப் பாத்தான். முகம் மாறிட்டுது. என்ன தம்பி எண்டன். "ஐயா, பூட்டின நாளில இருந்து மாத்தேல்லை, ஃபக்டரியில இருந்து வந்ததுதான் கிடக்கு" எண்டான். பெட்டியோட வாற கையேட்டில எல்லாருக்கும் அச்சடிச்சுக் குடுக்கிற நம்பராம். ஒரு வருஷமா ஆர் வேணுமெண்டாலும் உள்ள போயிருக்கலாம். நாங்கள் அது கொம்பனியிட்டப் பத்திரமா இருக்குது எண்டு இவ்வளவு நேரம் சண்டை பிடிச்சிருக்கிறம்.

புதுக் கோட் போட்டான். நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டன். எழுதி, ஒட்டி, ரெண்டு பேரும் குறுக்கால கையெழுத்து வைச்சு, அப்பாவின்ர பழைய தராசுப் பெட்டிக்குக் கீழ வைச்சாச்சு.

வயர்க்காரன் · சனி, பிற்பகல் 3.05

அது நிறைய இடத்தில அப்பிடித்தான் அண்ணை. சொன்னா எங்கட ஆக்களுக்கே கோவம் வரும். எல்லாரும் உங்கட உங்கட ஆளைக் கூப்பிட்டு முதல்ல அதை மாத்தச் சொல்லுங்கோ. நம்பரை மட்டும் இஞ்ச எழுதிப்போடாதேங்கோ.

கோயில் கணக்கு · சனி, மாலை 6.30

பூசை முடிந்து வந்து அலுமாரியில் கையேட்டைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் இருந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். திறந்துவிட்டது.

வயர்க்காரன் · சனி, மாலை 6.34

ஐயா, ஒண்டும் அமத்தாமல் அப்பிடியே விடுங்கோ. உங்கட கொம்பனிக்கு இப்பவே வாட்ஸ்அப் போடுங்கோ, நேரம் விழவேணும். அவங்கள் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வராட்டி நான் வாறன். ஏணி ஒண்டு எடுத்து வையுங்கோ.